கையில் 20,000, மனசில் ஊட்டி

கேள்வி: பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. தை மாதம் கல்யாணம். தேனிலவுக்கென்று 20,000 ரூபாய் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அவளுக்கு ஊட்டி பார்க்க ஆசை. இந்தப் பணத்தில் முடியுமா?
— ஒரு மாப்பிள்ளை, திருப்பூர்

பதில்: முடியும் தம்பி. நல்ல மாதத்தில்தான் கல்யாணம் வைத்திருக்கிறீர்கள். ஊட்டிக்கு ஏப்ரல், மே சீசன். அப்போது அறை வாடகை மளமளவென்று ஏறிவிடும். பொங்கல் விடுமுறைக் கூட்டம் இறங்கிய பிறகு ஒரு திங்கட்கிழமை கிளம்புங்கள். காலையில் புல்வெளியில் உறைபனி வெள்ளை வெளேரென்று படிந்திருக்கும். மே மாதம் போகிறவர்களுக்கு அது கிடைக்காது.

ஏறும்போது மலை ரயில், இறங்கும்போது பஸ். திருப்பூரில் இருந்து அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் பக்கம்தான். காலை 7.10க்கு ரயில். 46 கிலோமீட்டர் தூரத்தை ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும். பஸ்ஸில் அதில் பாதிகூட ஆகாது. அந்த மெதுவுக்குத்தான் டிக்கெட். 208 வளைவு, 16 குகை, 250 பாலம். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பல் வரிசை ஆரம்பமாகும். இன்ஜின் பின்னால் இருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறும். ஹில்குரோவில் இன்ஜின் தண்ணீர் குடிக்கும்போது நீங்கள் இறங்கி டீ குடிக்கலாம். முன்பதிவு 60 நாளைக்கு முன்பே திறக்கும், சீக்கிரம் தீரும். முகூர்த்தத் தேதி குறித்த கையோடு காலண்டரில் அந்த நாளையும் வட்டம் போட்டுவிடுங்கள். கிடைக்காவிட்டால் பஸ்ஸில் குன்னூர் வரை போய், அங்கிருந்து ஊட்டிக்கு ரயில் ஏறுங்கள். அந்தப் பகுதியில் ஒரு நாளைக்குப் பல நடை ஓடுகிறது.

இப்போது கணக்கு. மூன்று ராத்திரி, அறைக்கு 2,500 வீதம் 7,500. 5 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 7,875. போக வர 2,500. நாலு நாள் சாப்பாடு 4,000. ஒரே ஒரு நாள் வாடகைக் கார், 2,500. மொத்தம் 16,875. மிச்சம் 3,125 ரூபாயைத் தனி உறையில் போட்டு மனைவி கையில் கொடுங்கள். மருந்துக்கோ, பஸ் தவறினாலோ, அவருக்கு ஏதாவது பிடித்துப் போனாலோ அது. உங்களிடம் கேட்காமல் செலவு செய்ய அவருக்கு உரிமை உள்ள பணம்.

மூன்று விஷயம். ஸ்வெட்டரை உங்கள் ஊரிலேயே வாங்கிவிடுங்கள். துணியின் தரம் உங்கள் விரலுக்குத் தெரியும். வீட்டில் இருந்து ஸ்டீல் பாட்டில் எடுத்துப் போங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. சொந்த வண்டியிலோ வாடகைக் காரிலோ மலை ஏறினால் இ-பாஸ் வேண்டும். 2024 மே மாதத்தில் வந்த ஏற்பாடு அது. அரசு பஸ்ஸில் போனால் அந்த வேலையே இல்லை.

கேள்வி: மொய்ப் பணம் நாலரை லட்சம் வந்தது. அதில் ஒரு லட்சத்தை எடுத்துக்கொண்டு காஷ்மீர் போகலாமா?
— புதுமாப்பிள்ளை, புதுக்கோட்டை

பதில்: மொய் நோட்டை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் ஊர், பெயர், தொகை. அந்த ஒவ்வொரு வரியும் என்றாவது ஒரு நாள் பத்திரிகையோடு உங்கள் வாசலுக்கு வரும். அன்று அதே தொகைக்கு மேலே கொஞ்சம் வைத்துச் செய்தாக வேண்டும். உங்கள் பக்கத்து ஊர்களில் இதை நான் சொல்லியா தெரிய வேண்டும்? அது வரவு இல்லை, வட்டி எழுதாத கடன். பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் பாக்கி தீர்த்தபின் மீதியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, உங்கள் சொந்தச் சம்பளத்தில் கொடைக்கானல் போங்கள். காஷ்மீர் எங்கேயும் போய்விடாது.

கேள்வி: என் நண்பர்கள் எல்லோரும் பாலி, மாலத்தீவு என்று போய் வந்தார்கள். நான் ஏற்காடு என்றால் மானம் போகாதா? பர்சனல் லோன் ஒரு லட்சம் தருவதாக வங்கியில் இருந்து தினமும் போன் வருகிறது.
— ஐ.டி. ஊழியர், சென்னை

பதில்: 14 சதவீத வட்டியில் ஒரு லட்சம் வாங்கினால் மாதம் சுமார் 4,800 ரூபாய், 24 மாதம் கட்ட வேண்டும். வட்டி மட்டும் 15,000 ரூபாய்க்கு மேல். பாலியில் இருந்து ஆறாம் நாள் திரும்பிவிடுவீர்கள். தவணை தலை தீபாவளிக்கு வரும், வளைகாப்புக்கு வரும், குழந்தையின் காதுகுத்துக்கும் வரும். அந்த 15,000 ரூபாய் வட்டியிலேயே ஏற்காட்டில் மூன்று நாள் இருந்துவிட்டு வரலாம். உங்கள் மனைவிக்கு நீங்கள் எடுத்துப் போகிற முதல் பொருள் கடனாக இருக்கக் கூடாது என்று உண்மையாகவே நினைக்கிறேன். மானம் தவணை தவறும்போது போகும், ஏற்காடு பஸ்ஸில் ஏறும்போது போகாது.

கேள்வி: ரயில் டிக்கெட் ஆர்.ஏ.சி.யில் நிற்கிறது. தேனிலவுப் பயணம் இப்படியா தொடங்க வேண்டும்?
— கவலையுடன் ஒருவர், விழுப்புரம்

பதில்: இதைவிட நன்றாக எப்படித் தொடங்கும்? ஆர்.ஏ.சி. என்றால் பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கை ஒன்றை இரண்டு பேருக்குக் கொடுப்பார்கள். ஒரே டிக்கெட்டில் பதிந்திருந்தால் பெரும்பாலும் அந்த இரண்டு பேர் நீங்கள்தான். எதிரெதிரே உட்கார்ந்து, நடுவில் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து வைத்து, ஜன்னலில் ஓடும் ஊர்களைப் பார்த்துக்கொண்டே போங்கள். தூக்கம் வந்தால் டி.டி.இ.யிடம் காலி பெர்த் கேளுங்கள். கவலைப்பட வேண்டியது வெயிட்டிங் லிஸ்டுக்குத்தான்: ஆன்லைன் டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் அதிலேயே நின்றால் தானாக ரத்தாகிவிடும், வண்டி ஏற முடியாது.

கேள்வி: "நாங்களும் கூட வர்றோம், அப்படியே பழநிக்கும் போய்ட்டு வந்துடலாம்" என்கிறார் மாமியார். நாத்தனாரும் பெட்டி கட்டிவிட்டார். என்ன செய்வது?
— புதுமணப்பெண், திண்டுக்கல்

பதில்: 1961இல் ஸ்ரீதர் 'தேனிலவு' என்று ஒரு படம் எடுத்தார். அதில் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்ட அப்பா காஷ்மீருக்குத் தேனிலவு போகும்போது வயது வந்த மகளும் கூடவே போவாள். படத்துக்கு அது கதையாயிற்று. உங்களுக்கு வேண்டாம் அம்மா.

பழநிக்கு முதலில் போங்கள், எல்லோருமாக. கும்பிட்டுவிட்டு, பஞ்சாமிர்தம் வாங்கிக் கையில் கொடுத்து, மாமியாரையும் நாத்தனாரையும் உங்கள் கணவரே பஸ் ஏற்றி அனுப்பட்டும். அங்கிருந்தே கொடைக்கானலுக்குப் பஸ் இருக்கிறது. இதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்ல, உங்கள் கணவர். தன் அம்மாவிடம் சிரித்த முகத்தோடு ஒரு வார்த்தை சொல்ல அவர் பழக இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

கேள்வி: ஆனி கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம். ஆடி பிறந்தால் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். நடுவில் ஐந்தே நாள். மறுவீடு, விருந்து போக எங்கே போவது?
— கல்யாண வேலையில் இருப்பவர், தூத்துக்குடி

பதில்: குற்றாலம்! உங்களுக்குப் பக்கம், அந்த மாதத்தில் சீசன், அருவிக்கு டிக்கெட் கிடையாது. திங்கள் முதல் வியாழனுக்குள் போங்கள். சனி, ஞாயிறு என்றால் அருவியைவிடத் தலைகள்தான் அதிகம் தெரியும். குற்றாலத்தில் அறை விலை கூடுதலாக இருந்தால் தென்காசியில் தங்குங்கள், ஐந்து கிலோமீட்டர்தான். அருவியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி இடம். சாரலுக்கு அந்தப் பிரிவு இல்லை, சேர்ந்தே நனையலாம். தண்ணீர் மிஞ்சி வந்தால் குளிக்கத் தடை போடுவார்கள். அன்று பக்கத்தில் பேர்போன பார்டர் கடையில் பரோட்டா சாப்பிடுங்கள். ஆடி முழுக்கப் பிரிந்திருக்கப் போகிறவர்களுக்கு மூன்று நாள் சாரல் போதுமா என்று கேட்டால், போதாதுதான். ஆவணியில் இன்னொரு முறை போங்கள்.

கேள்வி: ஆலப்புழையில் படகு வீட்டில் ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும் என்பது என் கனவு. விலையைக் கேட்டால் தூக்கிவாரிப் போடுகிறது.
— ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: கனவை விட வேண்டாம், ராத்திரியை விட்டுவிடுங்கள். மாலை ஐந்தரை வாக்கில் படகு வீடுகளைக் கரையோரம் கட்டிவிடுவார்கள். மீனவர்கள் வலை விரிக்கும் நேரம் அது. விடிந்த பிறகுதான் மறுபடி நகரும். அதாவது ராத்திரி முழுக்க நீங்கள் காசு கொடுப்பது நிற்கிற படகுக்கு.

கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறைப் படகுகள் ஆலப்புழையில் இருந்து ஓடுகின்றன. கோட்டயம் போகிற படகில் இரண்டரை மணி நேரம் போல ஆகும். கட்டணம் சில பத்து ரூபாய். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறுவார்கள், மீன்கூடை ஏறும், வாசற்படியில் உட்கார்ந்து துணி துவைக்கிற அம்மா தலையை நிமிர்த்திப் பார்ப்பார். படகு வீட்டில் இருப்பவர்கள் தூரத்தில் இருந்து போட்டோ எடுக்கிற வாழ்க்கைக்கு உள்ளேயே நீங்கள் போய்க்கொண்டிருப்பீர்கள். மனசு இன்னும் ஆறவில்லை என்றால் படகு வீட்டையோ சின்ன ஷிக்காராவையோ பகலில் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் பேசி எடுங்கள். தங்குவதற்கு ஊருக்குள் ஹோம் ஸ்டே. காலையில் புட்டும் கடலையும் அவர்களே தருவார்கள்.

கேள்வி: அந்தமானுக்கு விமானம் விலை அதிகம். சென்னையில் இருந்து கப்பலில் போனால் மிச்சமாகுமே?
— பட்ஜெட் பத்மநாபன் என்று நண்பர்கள் அழைக்கும் ஒருவர், கடலூர்

பதில்: பணம் மிச்சமாகும், லீவு மிச்சமாகாது. கப்பல் ஏறக்குறைய மூன்று நாள், விமானம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். கப்பல் தினமும் கிடையாது. விலை குறைந்த பங்க் வகுப்பு பலர் சேர்ந்து படுக்கும் கூடம். வாந்தி மாத்திரையோடு தேனிலவைத் தொடங்க வேண்டாம். தரங்கம்பாடி உங்களுக்கு எவ்வளவு கிட்டே! 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை, அதன் எதிரே கடல், சாயங்காலம் ஆளில்லாத மணல். அதுவும் வங்காள விரிகுடாதான்.

கேள்வி: லாட்ஜில் கல்யாணச் சான்றிதழ் கேட்பார்களா? மனைவியின் ஆதாரில் அவர் அப்பா இன்ஷியல்தான் இருக்கிறது.
— ஒருவர், கரூர்

பதில்: இருவரின் அடையாள அட்டையும் போதும். இன்ஷியல் வேறாக இருப்பது குற்றம் இல்லை. கல்யாணமான மறுநாளே அதை மாற்றியாக வேண்டிய கட்டாயமும் இல்லை. முன்கூட்டியே போன் செய்து "நாங்கள் கணவன் மனைவி, இரண்டு ஆதாரும் இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். முக்கியமான விஷயம் வேறு: ஆசையில் டிக்கெட்டை உங்கள் இன்ஷியலோடு எடுத்துவிடாதீர்கள். அட்டையில் உள்ள பெயர்தான் டிக்கெட்டிலும் இருக்க வேண்டும்.

கேள்வி: ஆன்லைனில் படம் பார்த்து அறை பிடித்தால் ஏமாற்றுவார்களா?
— ஒருவர், வேலூர்

பதில்: எனக்கு நடந்தது. ஒரு மலை ஊரில், படத்தில் இருந்த ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கு. போய்த் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் ஜெனரேட்டர். அன்றில் இருந்து பணம் கட்டும் முன் நேராக லாட்ஜுக்கே போன் போட்டு நாலு கேள்வி கேட்கிறேன். வெந்நீர் எத்தனை மணியில் இருந்து எத்தனை மணி வரை? அறை எந்த மாடி? ஜன்னல் எந்தப் பக்கம்? சொன்ன வாடகையில் வரி சேர்ந்ததா? தயங்காமல் பதில் சொன்னால் பிடியுங்கள். "வாங்க சார் பாத்துக்கலாம்" என்றால் வேறு இடம் பாருங்கள். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, கன்னியாகுமரி எல்லாவற்றிலும் சுற்றுலாக் கழகத்தின் 'தமிழ்நாடு' ஓட்டல்கள் இருக்கின்றன. அங்கேயும் ஒருமுறை விசாரியுங்கள்.

கேள்வி: பெரியவர்கள் பார்த்துச் செய்த கல்யாணம். இதுவரை போனில் பேசியதே மொத்தம் பத்து மணி நேரம் இருக்கும். வெளியே சுற்றவும் பெரிதாகக் காசு இல்லை. மூன்று நாள் என்னதான் பேசுவது?
— கூச்ச சுபாவி, நாமக்கல்

பதில்: 1996 தை மாதம். சேலத்தில் பஸ் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவிலும் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்தபடி வந்தார் என் மனைவி. ஏற்காட்டில் சின்ன லாட்ஜ். காலையில் ஒரு பக்கெட் வெந்நீர், அவ்வளவுதான். இரண்டாம் நாள் மத்தியானமே பனி இறங்கி, ஏரி இருக்கிற இடம் தெரியவில்லை. படகுச் சவாரிக்கு வைத்திருந்த காசில் வறுத்த வேர்க்கடலை வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்பினோம்.

கடலை தீர்ந்ததும் அவர் பொட்டலக் காகிதத்தைப் பிரித்து மடியில் வைத்து நீவினார். யாரோ ஒரு பையனின் பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள். சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டிருந்தது. "கடைசி வரில கூட்டல் தப்பு. மத்ததெல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்கான், பாவம்" என்றார். என் பையில் இருந்து பேனாவை எடுத்து அதன் ஓரத்திலேயே முழுக் கணக்கையும் போட்டுக் காட்டினார். எனக்குக் கணக்கு வராது. "நீ எதுவரைக்கும் படிச்சே?" என்று கேட்டேன். ஜாதகத்தில் பி.எஸ்சி. என்று எழுதியிருந்ததைப் படித்திருந்தேன். அவர் வாயால் கேட்டதில்லை. மேலே படிக்க இடம் கிடைத்து, பணம் கட்ட முடியாமல் விட்ட கதையை அன்று சாயங்காலம் ஏழு மணி வரை சொன்னார். வெளியே ஒன்றுமே தெரியவில்லை, நாங்கள் எங்கேயும் போகவும் இல்லை. மூன்று வருடம் கழித்து பி.எட். முடித்து வேலையில் சேர்ந்தார். அந்தக் காகிதம் இன்னும் பீரோவில் இருக்கிறது.

தம்பி, பேச வேண்டியதைத் தயார் செய்துகொண்டு போகாதீர்கள். ஒரு நாளில் ஒரே ஓர் இடம் பாருங்கள். மிச்ச நேரத்தைச் சும்மா விடுங்கள். ஏழு இடம், எட்டு இடம் என்று கார்க்காரர் நீட்டுகிற பட்டியலில் பாதி, கடைகளும் டிக்கெட் கவுண்டர்களும்தான். மனைவியிடம் எதையாவது கேளுங்கள். அப்புறம் பதில் முடிகிறவரை குறுக்கே பேசாமல் இருங்கள்.

கேள்வி: இருவரும் ஜவுளிக் கடையில் வேலை. வாடகை வீட்டில் அண்ணன், அண்ணி, இரண்டு பிள்ளைகள், அம்மாவோடு நாங்களும் இருக்கிறோம். ஒரே படுக்கையறை, அதையும் அண்ணி எங்களுக்காக விட்டுத் தந்து ஹாலில் படுக்கிறார். குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. இந்த நிலையில் தேனிலவு ஆடம்பரம்தானே? விட்டுவிடலாமா?
— ஒரு கணவர், மதுரை

பதில்: விடவே விடாதீர்கள். பெரிய வீட்டில் இருப்பவர்கள் தேனிலவுக்குப் போகாமல் இருக்கலாம், உங்களால் முடியாது. உங்கள் மனைவி இத்தனை நாளும் ஹாலில் அம்மா இருமுவதைக் கேட்டுக் குரலைத் தாழ்த்தியிருப்பார். விடிகாலையில் யாரும் எழும்பும் முன் எழுந்து குளித்திருப்பார். கதவு தாழ்ப்பாள் சத்தத்துக்குக்கூடக் கூசியிருப்பார். இரண்டு நாள், ஒரே ஓர் அறை, யாரும் கதவைத் தட்டாத அறை: உங்களுக்கு ஆடம்பரமாகத் தெரிவது அவருக்கு மூச்சு.

செலவு இவ்வளவுதான்: கொடைக்கானல் பஸ், வார நடுவில் இரண்டு ராத்திரி அறை, முதல் நாளுக்கு வீட்டுப் புளியோதரை. தீபாவளி, ஆடித் தள்ளுபடி நாட்களில் உங்களுக்கு லீவு தர மாட்டார்கள், தெரியும். தீபாவளிக் கூட்டம் அடங்கியதும் முதலாளியிடம் கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மலையில் மழை இருக்கும், அறை விலை இறங்கியிருக்கும். உங்களுக்குத்தான் வெளியே சுற்ற வேண்டிய அவசியம் இல்லையே. ஏரியைச் சுற்றி ஒரு நடை, கோக்கர்ஸ் வாக்கில் ஒரு நடை, அவ்வளவு போதும். மற்ற நேரமெல்லாம் தாமதமாக எழுந்திருங்கள். செலவைக் குறைக்க எங்கே வேண்டுமானாலும் கை வையுங்கள், அறையில் மட்டும் வைக்காதீர்கள். தாழ்ப்பாள் சரியாக விழுகிற, விரிப்பு சுத்தமாக இருக்கிற அறையாகப் பார்த்து இருநூறு ரூபாய் கூடக் கொடுத்து எடுங்கள்.

திரும்பும்போது அண்ணிக்கு யூகலிப்டஸ் தைலம் ஒரு பாட்டில், பிள்ளைகளுக்கு ஹோம் மேட் சாக்லெட் கால் கிலோ. அந்த அண்ணிக்கு என் வணக்கத்தையும் சொல்லுங்கள்.

கேள்வி: போட்டோகிராபரையும் அழைத்துப் போய் 'போஸ்ட் வெட்டிங் ஷூட்' எடுக்கலாமா? 35,000 கேட்கிறார்.
— ஒருவர், கோவை

பதில்: மூன்றாவது ஆளுக்கு 35,000 கொடுத்துக் கூட்டிப் போகிற பயணம் தேனிலவு ஆகாது. வழியில் நிற்கிற யாரிடமாவது போனைக் கொடுத்து "அண்ணே, ஒரு போட்டோ" என்று கேளுங்கள்.

கேள்வி: கல்யாணமாகி 31 வருடம். நாற்று நடவு நேரத்தில் கல்யாணம். மூன்றாம் நாளே வயலில் இறங்கினோம். எங்கேயும் போனதில்லை. பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. இப்போது போய்த் தேனிலவு என்றால் ஊர் சிரிக்காதா?
— ஓர் அம்மா, மன்னார்குடி

பதில்: சிரிக்கட்டும் அம்மா, அவர்களுக்கும் நல்லதுதானே. சென்னைக்கு வந்து ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தால் விடியும்போது மேட்டுப்பாளையம். கீழ்ப்படுக்கை இரண்டு கேட்டுப் பதியச் சொல்லுங்கள் பிள்ளைகளை. மலை ரயில் 7.10க்கு. அய்யாவுக்கு மப்ளர் மறக்க வேண்டாம். ஜன்னலோரம் நீங்கள் உட்காருங்கள். குன்னூர் தாண்டியதும் அவருக்கு மாற்றிக் கொடுங்கள்.